மெய்ப்பொருளியல் சாத்தியமா? மாட்டுங்கா இலவசப் பேச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருகிற ஞாயிறு மாலை 5.30 மணிக்கு, மும்பை மாட்டுங்கா கிழக்கில், கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்தே வந்துவிடக்கூடிய ஒரு சிறு அரங்கில், எங்கள் வாசிப்புக் குழு இந்தப் பேச்சை நடத்துகிறது. அழைப்பைப் பார்த்த பலர் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். பேசப்போகிறவன் நான் என்பதால் நானே பதில் எழுதுகிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன. அவை எனக்கு மிகவும் பிடித்த கேள்விகள்.

கட்டணம் உண்டா? முன்பதிவு செய்ய வேண்டுமா?

இரண்டும் இல்லை. அரங்க வாடகையைக் குழுவில் உள்ளவர்கள் பகிர்ந்துகொள்கிறோம். யார் வேண்டுமானாலும் வரலாம்.

மெய்ப்பொருளியல் என்றால் என்ன? ஆவி, மறுபிறவி பற்றிய பேச்சா?

இல்லை. எங்கள் வீட்டுக் கதையிலிருந்தே சொல்கிறேன், பேச்சையும் அங்கிருந்துதான் தொடங்கப்போகிறேன்.

நாங்கள் இருந்த பழைய கட்டடம் ரீடெவலப்மென்ட்டுக்குப் போனது. இடித்து முடித்த பிறகு ஒருநாள் அப்பாவை அங்கே அழைத்துப் போனேன். தகர வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, வெற்று வானத்தைக் கைகாட்டி, "நம்ம அடுக்களை அதோ அங்கே" என்றார். மூன்றாவது மாடி இருந்த அதே உயரம். சரியாகத்தான் காட்டினார். ஆனால் எதைக் காட்டினார்?

அடுத்த நான்கு வருடங்கள் கட்டடமே கிடையாது. குடியிருப்பவர்கள் சேர்ந்து அமைத்த ஹவுசிங் சொசைட்டி மட்டும் இருந்தது. பொதுக்குழு கூடியது, செயலாளரைத் தேர்ந்தெடுத்தார்கள், ஷேர் சர்டிபிகேட்டில் அதே எண். இன்று அந்த மனையில் 22 மாடி நிற்கிறது, வாசலில் பழைய பெயர். இது அதே கட்டடமா? இல்லை என்று சொல்லிவிடுவோம். அதே வீடா? கொஞ்சம் தயங்குவோம். அதே சொசைட்டியா? ஆமாம், அதில் என்ன சந்தேகம் என்போம். ஒரு செங்கல்கூட மிஞ்சாதபோதும் தொடர்ந்து இருந்த அந்தச் சொசைட்டி என்ன வகையான பொருள்? கண்ணால் பார்க்க முடியாது, தொட முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

எவையெல்லாம் உண்மையில் இருக்கின்றன, 'இருப்பது' என்றால் என்ன, மாறிக்கொண்டே இருக்கும் ஒன்று எப்படி 'அதே' ஒன்றாக நீடிக்கிறது, காரணம் என்பது என்ன, காலம் என்பது என்ன, நம் விருப்பம் நம் கையில்தானா? இப்படிக் கேட்பதுதான் மெய்ப்பொருளியல். மெட்டாஃபிசிக்ஸ் என்ற கிரேக்கப் பெயருக்குப் பின்னால் பெரிய மர்மம் எதுவும் கிடையாது. அரிஸ்டாட்டிலின் எழுத்துகளைப் பின்னாளில் தொகுத்தபோது, இயற்கையைப் பற்றிய நூல்களுக்கு அடுத்து வைக்கப்பட்டவை என்பதால் வந்த பெயர் அது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். தமிழில் மீவியற்பியல் என்றும் எழுதுகிறார்கள். எனக்கு மெய்ப்பொருளியல்தான் பிடித்திருக்கிறது. 'மீ' என்றதும் ஏதோ ஆகாயத்துக்கு மேலே இருக்கும் சமாச்சாரம் போலத் தோன்றிவிடுகிறது. எங்கள் அப்பா கைகாட்டியது மூன்றாவது மாடி உயரம்தான்.

ஈராயிரம் ஆண்டுகளாக நடந்துவருவதை 'சாத்தியமா' என்று ஏன் கேட்க வேண்டும்?

இதை இந்த வடிவில் கூர்மையாகக் கேட்டவர் ஜெர்மானியத் தத்துவவாதி இம்மானுவேல் காண்ட். 1781-இல், தன் 57-ஆம் வயதில், தன் பெரிய நூலை வெளியிட்டார். அது யாருக்கும் புரியவில்லை என்ற வருத்தத்தில் 1783-இல் சிறிய நூல் ஒன்றை எழுதினார். கணிதம் எப்படிச் சாத்தியம், இயற்கை அறிவியல் எப்படிச் சாத்தியம் என்று அதில் கேட்கிறார். அவை நடந்துகொண்டிருக்கின்றன, அதனால் 'எப்படி' என்று கேட்டால் போதும். மெய்ப்பொருளியலுக்கு வரும்போது மட்டும் கேள்வி மாறுகிறது: இது சாத்தியம்தானா? கணிதத்தில் ஒருவர் நிறுவியதன் மேல் அடுத்தவர் கட்டுகிறார். இங்கேயோ ஒவ்வொருவரும் முன்னவரின் கட்டடத்தை இடித்துவிட்டு அடித்தளத்திலிருந்து தொடங்குகிறார்கள். அறிவு என்று சொல்லப்படும் ஒன்று ஏன் இப்படி இருக்கிறது என்ற கவலை அவருக்கு.

அவரை உலுக்கியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டேவிட் ஹியூம். ஹியூமின் வாதத்தை நம் ஊர் பிளாட்பாரத்தில் வைத்துப் பார்க்கலாம். இண்டிகேட்டரில் நிமிடம் குறைகிறது, கூட்டம் விளிம்பை நோக்கி நகர்கிறது, வண்டி வருகிறது. தினமும் இதைப் பார்க்கும் சின்னக் குழந்தை, கூட்டம் நகர்வதால்தான் வண்டி வருகிறது என்று நினைக்கலாம். நாம் திருத்துவோம். ஆனால் உண்மையான காரணம் என்று நாம் சொல்லும் இடத்திலும் கண்ணுக்குத் தெரிவது என்ன? ஒன்று, அப்புறம் இன்னொன்று. 'இதனால் அது' என்ற பிணைப்பை யாரும் பார்த்ததில்லை. அது பழக்கத்தில் நம் மனம் சேர்த்துக்கொள்வது என்றார் ஹியூம்.

காண்ட் இதற்குச் சொன்ன மறுமொழி என்னைப் பல வருடங்களாக விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. வீட்டைப் பார்ப்பதையும், ஆற்றோடு போகும் கப்பலைப் பார்ப்பதையும் அவர் ஒப்பிடுவார். அதை எங்கள் மனைக்குக் கொண்டுவருகிறேன். 22 மாடிக் கட்டடத்தை நீங்கள் கீழிருந்து மேலாகவும் பார்க்கலாம், மேலிருந்து கீழாகவும் பார்க்கலாம். எந்த வரிசையில் பார்ப்பது என்பது உங்கள் விருப்பம். பழைய கட்டடத்தை இடித்ததைப் பார்த்தபோது அப்படி முடியாது. முதலில் மொட்டைமாடித் தொட்டி, பிறகு மூன்றாவது மாடி, பிறகு இரண்டாவது. அந்த வரிசையை மாற்றிப் பார்க்க எனக்கு உரிமை இல்லை. 'ஒன்று நிகழ்ந்தது' என்று சொல்வதிலேயே மாற்ற முடியாத ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசை ஒரு விதிப்படி அமைவதைத்தான் காரணம் என்கிறோம் என்பார் காண்ட். அனுபவத்திலிருந்து பொறுக்கி எடுத்ததல்ல காரணம். அது இல்லாவிட்டால் அனுபவமே அமையாது.

இதற்கு அவர் ஒரு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. காலம், இடம், காரணம் எல்லாம் நம் அறிவு பொருள்களைப் பெற்றுக்கொள்ளும் விதத்தைச் சேர்ந்தவை என்றால், நமக்குத் தோன்றாத நிலையில், தன்னளவில் பொருள் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது. கடவுள், அழியாத ஆன்மா, உலகத்தின் முழுமை என்பவற்றை அறிந்துவிட்டதாகச் சொல்லும் பழைய மெய்ப்பொருளியலுக்கு அவர் கதவைச் சாத்தினார். அனுபவத்தின் அமைப்பை ஆராயும் மெய்ப்பொருளியலுக்கு இடம் விட்டார்.

கதவைச் சாத்த அவர் சொன்ன ஆதாரம் என்ன?

உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்று நிறுவும் வாதத்தையும், தொடக்கம் இல்லை என்று நிறுவும் வாதத்தையும் எதிரெதிராக வைத்துக் காட்டினார். இரண்டிலும் ஓட்டை தெரியவில்லை. ஒரே அறிவு இரண்டு பக்கமும் ஜெயிக்கிறது என்றால், அது தன் எல்லையைத் தாண்டிப் போய்விட்டது என்று அர்த்தம். அந்த இரண்டு வாதங்களையும் அரங்கில் பலகையில் எழுதி, ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். இதற்கு மட்டும் இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன், அவசரப்பட மாட்டேன்.

இதைத்தானே புத்தர் அப்போதே சொன்னார்?

செம்பூரிலிருந்து ஒரு வாசகர் இதைக் கேட்டிருந்தார். அருமையான கேள்வி. உலகம் என்றும் உள்ளதா, முடிவுள்ளதா என்பன போன்ற கேள்விகளுக்குப் புத்தர் பதில் சொல்ல மறுத்ததாகப் பாலி நூல்கள் சொல்கின்றன. மாலுங்கியபுத்தர் என்ற சீடர் வற்புறுத்திக் கேட்டபோது, நச்சம்பு தைத்தவன் கதையைப் புத்தர் சொல்கிறார். எய்தவன் யார், எந்தக் குலம், வில் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அம்பைப் பிடுங்க விடுவேன் என்று அவன் அடம்பிடித்தால், பதில் வருமுன் செத்துப்போவான்.

கேள்விகள் ஏறத்தாழ ஒன்றுதான். மறுத்த காரணம் வேறு. இந்த விடைகளால் துன்பம் தீராது என்பது அங்கே புத்தர் சொல்லும் காரணம். அறிவால் இங்கே விடை காண முடியாது என்பது காண்ட்டின் காரணம். ஒருவர் மருத்துவர், ஒருவர் எல்லைக்கல் நடுபவர். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது இருவருக்குமே நியாயம் செய்வதாகாது.

இதையெல்லாம் தமிழில் பேச முடியுமா? சொற்கள் இருக்கின்றனவா?

தாராளமாக இருக்கின்றன. அதிலும் இந்தக் கேள்விக்கென்றே ஒரு சொல் இருக்கிறது: அளவை, அதாவது ஒன்றை அறியும் வழி.

நெல்லை அளக்குமுன் மரக்கால் சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம் இல்லையா, அதுதான். எது உண்மை என்று பேசுமுன், எதை வைத்து அறிகிறாய் என்று கேட்பது நம் மரபில் வழக்கமான முதல் படி. மணிமேகலையின் 27-ஆம் காதையில், அவள் தவத்தோர் வேடத்தில் வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயவாதியாகச் சந்தித்துக் கேட்கிறாள். முதலில் பேசுகிறவன் அளவைவாதி. வியாசர் பத்து அளவைகள் சொன்னார், கிருதகோடி எட்டு, சைமினி ஆறு என்று கணக்கோடு தொடங்குகிறான். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் தன் தரப்பைச் சொல்லும் சுபக்கத்தை எழுதும்போதும், பதியையும் (இறைவன்) பசுவையும் (உயிர்) பற்றிப் பேசுவதற்கு முன் அளவையைத்தான் எடுத்துக்கொள்கிறார். பலர் சொன்ன பல அளவைகளையும் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (அனுமானம்), உரை (நம்பத்தகுந்த சொல்) என்ற மூன்றுக்குள் அடக்கிக் காட்டுகிறார். காண்ட்டுக்கு ஐந்து நூற்றாண்டு முன்பு. அவர் காண்ட் சொன்ன முடிவைச் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது தவறு, அவருடைய முடிவுகள் முற்றிலும் வேறு. ஆனால் அளவையைச் சோதித்துவிட்டுப் பொருளுக்குப் போ என்ற ஒழுங்கு நமக்குப் புதிதல்ல.

இன்னொரு சிக்கலும் பழையதே. மரக்காலை எதை வைத்துச் சோதிப்பது? இன்னொரு மரக்காலை வைத்து என்றால், அதை எதை வைத்து? இந்தக் கேள்வியை எல்லா அளவைவாதிகளுக்கும் எதிராக பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனர் எழுப்பினார். அதற்கு எளிய பதில் இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

இந்தப் பேச்செல்லாம் பொருளற்றது என்று இருபதாம் நூற்றாண்டில் நிரூபித்துவிட்டார்களே?

வியன்னா வட்டத்தைச் சொல்கிறீர்கள். 1920-களிலும் 30-களிலும் வியன்னாவில் கூடிய தத்துவவாதிகளும் அறிவியலாளரும் அவர்கள். ருடால்ஃப் கார்னாப் அவர்களில் முக்கியமானவர். 1936-இல் ஏ. ஜே. அயர் அதே கருத்துகளை ஆங்கில வாசகர்களிடம் கொண்டுபோனார். ஒரு கூற்று தர்க்கத்தாலோ கணிதத்தாலோ உண்மையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அனுபவத்தால் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது பொய்கூட அல்ல, வெறும் ஓசை. அவர்களை நான் மதிக்கிறேன். அலங்காரப் பேச்சால் மக்களை ஏமாற்றுவதைத் தடுக்க வேண்டும் என்ற உண்மையான அக்கறை அவர்களிடம் இருந்தது.

ஆனால் அந்த விதியையே எடுத்து வைத்துப் பாருங்கள். 'சரிபார்க்க முடியாதது பொருளற்றது' என்பது கணித உண்மையா? இல்லை. அனுபவத்தில் சரிபார்க்க முடியுமா? எந்தச் சோதனையில்? விதி தன் சோதனையிலேயே தேறவில்லை. இது ஒரு பரிந்துரைதான் என்று பின்னால் சொன்னார்கள். பரிந்துரை என்றால் ஏற்காமலும் இருக்கலாமே.

மணிமேகலை காதையில் இதற்கு நெருங்கிய ஒரு காட்சி உண்டு. கண்ணால் காண்பதை மட்டுமே ஏற்பேன் என்கிற பூதவாதியிடம், உன் தாய் தந்தை இவர்கள்தான் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய் என்று கேட்கிறாள். படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கும் இடம். வியன்னாக்காரர்களை இந்த ஒரு கேள்வி வீழ்த்திவிடாது, அவர்கள் அனுமானத்தை ஏற்றவர்கள். ஆனால் 'எனக்கு இது மட்டும் போதும்' என்று ஒருவர் சொல்லும்போது, அவர் வாழ்க்கை முழுக்க அதைவிட அதிகமானவற்றை நம்பி நடக்கிறது என்பதை அவள் பார்த்துவிட்டாள்.

நான் அணுசக்தித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காலம், காரணம் எல்லாம் இயற்பியலின் வேலை இல்லையா?

இயற்பியல் தெரியாமல் காலத்தைப் பற்றிப் பேசுவது இன்று சரியாக வராது, முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் துறையிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். குவாண்டம் கோட்பாட்டுக்கு டேவிட் போம் 1952-இல் ஒரு விளக்கம் தந்தார். ஹியூ எவரெட் 1957-இல் இன்னொன்று தந்தார். போமின் உலகத்தில் துகள்களுக்கு எப்போதும் திட்டமான இடம் உண்டு. எவரெட்டின் உலகத்தில் சாத்தியமான விளைவுகள் எல்லாமே கிளைகளாக நிகழ்கின்றன. ஆய்வுக்கூடத்தில் நாம் சாதாரணமாகச் செய்யும் சோதனைகளுக்கு இரண்டும் ஒரே எண்களைத் தருகின்றன. உண்மையில் என்ன இருக்கிறது என்பதில் மட்டும் இரண்டுக்கும் மலையளவு வித்தியாசம். கருவியைப் பார்த்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாதபோது, எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? எளிமை என்பீர்கள். எளிமையானது உண்மையாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? இந்தக் கேள்வியைக் கேட்கும் கணத்தில் நீங்கள் எங்களோடு வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். தயவுசெய்து வாருங்கள். உங்களைப் போன்றவர்கள் முன்வரிசையில் இருந்தால் நான் பிழையாகச் சொல்வதைத் திருத்தலாம்.

இப்போதும் யாராவது இதைச் செய்கிறார்களா?

நிறையப் பேர். 1970-இல் அமெரிக்கத் தத்துவவாதி சால் கிரிப்கே பிரின்ஸ்டனில் குறிப்புத்தாள் இல்லாமல் மூன்று சொற்பொழிவுகள் ஆற்றினார், அப்போது அவருக்கு 29 வயது. தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தது என்பதைச் சோதனையில்தான் கண்டுபிடித்தோம், ஆனாலும் தண்ணீர் வேறு மாதிரி இருந்திருக்கவே முடியாது என்று வாதிட்டார். அனுபவத்தில் அறிவது எதுவும் கட்டாய உண்மையாக இருக்காது என்ற நெடுநாள் நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது. காண்ட் மூடிய கதவு மறுபடி கொஞ்சம் திறந்தது என்று இதைப் பார்ப்பவர்கள் உண்டு.

கடவுள் உண்டா இல்லையா என்று பேசுவீர்களா?

கொஞ்சம். கடவுள் உண்டு என்பதற்கான பழைய நிரூபணங்கள் நிற்காது என்று காண்ட் காட்டினார். இல்லை என்று நிரூபிக்கவும் முடியாது என்றார். எங்கள் குழுவில் தினமும் கோயிலுக்குப் போகிறவர்களும் உண்டு, தாராவியில் வளர்ந்த பெரியார் பற்றாளர்களும் உண்டு. யாரையும் மாற்றுவது இந்தப் பேச்சின் நோக்கமல்ல.

உங்கள் சொந்த முடிவு என்ன?

சாத்தியம் என்றே நினைக்கிறேன். அதற்கு ஒரு காரணம்தான் சொல்வேன். மரக்காலைச் சோதிக்கிறோம் என்றேன். மரக்காலும் உலகத்தில் இருக்கும் ஒரு பொருள்தான். நம் அறிவு எவ்வளவு தூரம் போகும் என்று சொல்ல, அறிவு என்பது எப்படிப்பட்டது, அறிபவன் என்பவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லியாக வேண்டும். ஹியூம் மனம் என்பது காட்சிகளின் கட்டு என்றார். காண்ட் அதை ஒருங்கிணைக்கும் ஓர் 'நான்' வேண்டும் என்றார். வியன்னாக்காரர்கள் கொடுக்கப்பட்ட அனுபவத்திலிருந்து தொடங்கினார்கள். மெய்ப்பொருளியல் முடியாது என்று சொன்ன ஒவ்வொருவரும், அதைச் சொல்வதற்கே எது இருக்கிறது என்பதைப் பற்றி ஒரு நிலை எடுத்தார்கள். ஆகவே இதைச் செய்யாமல் இருக்க முடியாது. கவனமாகச் செய்யலாம், அல்லது செய்கிறோம் என்று தெரியாமலே செய்யலாம்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு: தவிர்க்க முடியாதது என்பதால் அது அறிவு ஆகிவிடுமா? ஆகாது என்றுதான் காண்ட்டே நினைத்தார். தவிர்க்க முடியாத மயக்கமும் உண்டு என்றார். இந்த மறுப்பை அரங்கில் முழு பலத்தோடு நானே முன்வைப்பேன். என்னால் எவ்வளவு தூரம் பதில் சொல்ல முடிகிறது என்பதை நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

இதனால் நடைமுறையில் ஏதாவது பயன் உண்டா?

நினைவு தப்பிய தாயைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் குழுவில் கேட்டார்: "அம்மா என்னை யார் என்று கேட்கிறாள். இவள் அதே அம்மாதானா?" நினைவுதான் ஆள் என்றால் ஒரு பதில், உடல்தான் என்றால் இன்னொரு பதில், உறவுதான் என்றால் மூன்றாவது. அன்று இரண்டு மணி நேரம் பேசினோம். அவர் கேட்டது மெய்ப்பொருளியல் கேள்வி. அதைவிட நடைமுறையான கேள்வி எனக்குத் தெரியாது.

தமிழ் பேசுவேன், ஆனால் படிக்க வராது. வரலாமா?

மும்பையில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் இப்படித்தான். கட்டாயம் வாருங்கள். பேச்சு முழுவதும் தமிழில் இருக்கும். பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். கேள்வியை இந்தியிலோ மராத்தியிலோ ஆங்கிலத்திலோ கேட்கலாம்.

முன்கூட்டியே ஏதாவது படித்துவர வேண்டுமா?

வேண்டாம்.

பிள்ளைகளை அழைத்து வரலாமா?

பதின்ம வயதினர் என்றால் மிகவும் நல்லது. கேள்வி நேரத்தில் அவர்கள் கேட்பவைதான் பெரும்பாலும் கடினமானவை.

ஞாயிறு மெகா பிளாக் (பராமரிப்புக்காக ரயில் பாதையை மூடுவது) இருக்குமே, எப்படி வருவது?

அதை நினைத்துத்தான் மாலையில் வைத்தோம். பிளாக் பெரும்பாலும் நான்கு மணி வாக்கில் முடிந்துவிடும். முலுண்டு, டோம்பிவலி பக்கமிருந்து வருகிறவர்கள் ஸ்லோ வண்டியில் மாட்டுங்காவில் இறங்கலாம். ஃபாஸ்ட் நிற்காது, அதில் வந்தால் தாதரில் இறங்கி மாற வேண்டும். மேற்கு லைன்காரர்களுக்கு மாட்டுங்கா ரோடு. செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் வந்தால் வடாலாவில் மாறி கிங்ஸ் சர்க்கிள்.

எவ்வளவு நேரம் நடக்கும்?

பேச்சு ஒரு மணி நேரம். பத்து நிமிட இடைவேளையில் ஃபில்டர் காபி. அதன் பிறகு கேள்விகளுக்கு ஒரு மணி நேரம், தேவைப்பட்டால் காவலாளி விளக்கை அணைக்கும் வரை. ஒலிப்பதிவு செய்வதில்லை. பதிவாகிறது என்று தெரிந்தால் பலர் கேட்கத் தயங்குகிறார்கள்.

பேச்சுக்குப் பிறகு தொடர்ந்து படிக்க வழி உண்டா?

அடுத்த ஞாயிறு முதல், அதே நேரம், அதே இடத்தில், மணிமேகலையின் 27-ஆம் காதையை வரிவரியாகச் சேர்ந்து படிக்கப்போகிறோம். முதல் நாள் அளவைவாதியின் பேச்சு. உரையோடு கூடிய பதிப்பு வீட்டில் இருந்தால் எடுத்து வாருங்கள். இல்லாதவர்களுக்கு அந்தப் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருப்போம்.